அங்க அடையாளம்

“பித்ரு பேரைச் சொல்லுங்கோ,” என்றார் ஐயர்.

“வீராசாமி,” என்றார் என் தந்தையார்.

அன்று ஆடி அமாவாசை. திருமுக்கூடலில், ஆற்று மணலில், ஐம்பது அறுபது பேர் வரிசையாக அமர்ந்திருந்தனர். எழுபத்தேழு வயதிலும் என் தந்தையார் சம்மணமிட்டு, விரலில் தர்ப்பை அணிந்து, உள்ளங்கையில் எள்ளை ஏந்தியிருந்தார். மகளாகிய நான் சொம்பு நீருடன் அவர் பின்னே நின்றேன்.

வீராசாமி என் பாட்டனார். வாலாஜாபாத் பகுதியில் ரயில்வே கேங்மேனாக இருந்தவர். தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ரயில் மோதி இறந்தார் என்பதே எங்கள் குடும்ப வரலாறு. அவர் இறந்ததனால்தான், வாரிசு என்னும் முறையில், என் தந்தையாருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது.

அந்த வரலாற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க விரும்பினேன். ‘கடமையே கண்ணாக வாழ்ந்து, இரும்புப் பாதையில் உயிர் நீத்தவர்’ என்று முதல் வாக்கியத்தையும் அமைத்துவிட்டேன். நாள்களும் ஊர்களும் வேண்டியிருந்தன. கேட்டவுடன் டிரங்குப் பெட்டியின் சாவியைத் தந்தையார் எடுத்துக் கொடுத்தார்.

நாற்பது வயதுக்கு மேல் நான் எழுதப் படிக்கக் கற்றதை அவர் அறிவார். ஆங்கிலமும் கற்றதை அறியார்.

கிராம மணியக்காரர் கையொப்பமிட்ட இறப்புச் சான்றின் ஆங்கில நகலில், காரணம் ‘காய்ச்சல்’ என்றிருந்தது. ரயில் இல்லை.

அதன் அடியில், வாரிசு வேலைக்காக எடுத்த சர்வீஸ் புத்தகத்தின் தட்டச்சு நகல், அதுவும் ஆங்கிலத்தில், இருந்தது. வீராசாமி நான்கு மாதங்களாக வேலைக்கு வரவில்லை. இனியும் வராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று அதில் கண்டிருந்தது. அந்த எச்சரிக்கைக்கு ஒன்பதாம் நாள் அவர் இறந்திருந்தார்.

நீக்கப்பட்டவரின் மகனுக்கு வேலை இல்லை. இறந்தவரின் மகனுக்கு உண்டு.

முதல் பக்கத்தை நான் கடைசியாகத்தான் படித்தேன். அங்க அடையாளங்கள்: வலப் புருவத்தின் மேல் பிறை வடிவத் தழும்பு. இடக்கைப் பெருவிரல் இல்லை. ஆதலால் வலக்கைப் பெருவிரலின் ரேகை வைக்கப்பட்டது.

அந்த மனிதரை நான் அறிவேன்.

என் தந்தையார் சாலவாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறியபோது, எங்கள் மோட்டார் கொட்டகையில் வந்து தங்கியவர் அவர். பெயர் சுப்பிரமணி என்றார்கள். வெளியூர் ஆள், காவலுக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். “டேய் மொண்டிக்கை, புளியங்கா பறிச்சுப் போடுடா!” என்று நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே மரம் ஏறுவார். தந்தையார் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறையேனும் என்னை அதட்டியதில்லை.

எனக்குப் பதினைந்து வயதானபோது சுப்பிரமணி இறந்தார். கேட்பாரற்ற பிணம் என்று ஏரிக்கரையில் யாரோ கொள்ளி வைத்தார்கள். தந்தையார் அன்று டியூட்டிக்குப் போய்விட்டார்.

தகப்பன் உயிரோடிருக்க மகன் எள்ளைத் தொடலாகாது. எங்கள் பக்கத்தில் இதை அறியாதவர் எவருமில்லை. என் தந்தையாரோ, உடன் வேலை செய்பவர்கள் ஐயம் கொள்ளாதிருக்க, உயிரோடிருந்த தகப்பனுக்கு இருபத்தோர் ஆண்டுகள் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நான் கண்ட ஆண்டுகளிலெல்லாம், எள் இருந்த பையை இந்த மணல்வரை தூக்கி வந்தவரும் சுப்பிரமணிதான்.

நான் குனிந்து, தந்தையாரின் காதருகில் கேட்டேன்.

“நைனா, அந்த சுப்பிரமணி உனுக்கு இன்னா மொற?”

எள் ஏந்திய கை அப்படியே நின்றது.

எனக்கு ஒரே ஒரு சொல் போதும். அந்த மனிதரைத் தம் தகப்பன் என்று ஒருமுறை அவர் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், இவரை இனி நைனா என்று அழைக்க என் நாக்கு எழாது.

ஐயர் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

“பொட்டியப் படிச்சுட்டியா,” என்றார் தந்தையார். பிறகு, திரும்பாமலே பேசினார். “கூட வேல செஞ்சவன் ரெண்டு பேரு கண்ணு முன்னால அடிபட்டுப் பூட்டானுங்க. அதுலேர்ந்து தண்டவாளத்தப் பார்த்தாலே அந்தாளுக்கு நடுங்கும். இன்னா பண்ணச் சொல்ற? அஞ்சு பேரு சோத்துக்கு எங்க போறது?”

அந்தாள் என்றுதான் சொன்னார்.

“நான் ஒண்ணியும் அவர சும்மா வுட்டுடலம்மே கஸ்தூரி,” என்றார் மீண்டும். “அமாவாசப் படையல்ல மொத எல காக்காவுக்கா போச்சு? வட, பாயசம் எல்லாம் வச்சு, உன் கையில குடுத்துதான கொட்டாய்க்கு அனுப்பினேன்? அவரு துன்னாருன்னு நீ வந்து சொன்னப்புறந்தான் காக்காவக் கூப்புடுவேன். அந்த ஒண்ண வச்சிக்கினுதான் இத்தினி வருசம் தூங்கறேன்.”

இப்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஆம் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

இலையைக் கொடுத்தது உண்மை. ஆடி வெயிலில் வரப்பு நெடுகக் கொட்டகைவரை நடக்கச் சோம்பி, களத்து மேட்டிலேயே அதை நாய்க்கு வைத்துவிடுவேன். சற்று நேரம் புங்கமர நிழலில் அமர்ந்திருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவேன்.

“துன்னுட்டான் நைனா,” என்பேன்.