பெரும்பாலும் வாயுதான்

பகல் மூன்று மணி. கண்ணாடிக்கு அப்பால் வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஏசியின் உறுமல். உடல்நலச் செய்தி போடும் இணைய நிறுவனத்தில் கட்டுரை எழுதுகிறவள், வாசகர் கமெண்ட்டுகளைத் திறக்கிறாள். தினமும் இந்த நேரத்துக்குத்தான் திறப்பது இங்கே வழக்கம். ‘நெஞ்சு வலியா? பெரும்பாலும் வாயுதான்’ என்பது தன் கட்டுரைக்கு அவள் வைத்த தலைப்பல்ல. பயமுறுத்தினால் ஆள் ஓடிவிடும் என்று ஆசிரியர் மாற்றியது. கைக்கு வலி பரவினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்ற பத்தியையும் அவர்தான் ‘மேலும் படிக்க’ பொத்தானுக்குக் கீழே தள்ளினார். இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று காகிதக் கோப்பையை நசுக்கிக்கொண்டிருக்கிறார். காலை ஒன்பது பத்துக்கு யாரோ ஒரு மகள் எழுதியிருக்கிறாள்: “அப்பாவுக்கு விடிஞ்சதுலேர்ந்து நெஞ்சு வலி. இடது கையெல்லாம் இழுக்குதுன்னார். உங்க கட்டுரையைப் படிச்சுக் காட்டினேன். நிம்மதியாத் தூங்கிட்டார். ரொம்ப நன்றி.” ஆசிரியர் அவள் தோளுக்கு மேல் குனிகிறார். “பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்ல? இந்தக் கமெண்ட்டை எல்லாத்துக்கும் மேல போடு.” ‘இடது கை’ என்ற வார்த்தை அவர் கண்ணில் படவே இல்லை. அவள் ‘உடனே எழுப்புங்கள்’ என்று தட்டத் தொடங்குகிறாள். பாதி தட்டும்போதே அடுத்த கமெண்ட் கண்ணில் படுகிறது. அதே மகள், மதியம் ஒரு மணிக்கு எழுதியது: “அப்பா இன்னும் புரண்டுகூடப் படுக்கல. சாப்பிட எழுப்பலாமா, இல்ல தூங்கட்டுமா?”