இரண்டாவது மேடு

சிதம்பரத்தில் இயற்பியல் ஆய்வாளர் அறையின் சன்னல் கம்பிகள் கனிமொழியின் மேசைமேல் நிழலாக விழுகின்றன. மடிக்கணினியில் காலையில் வெளியான கட்டுரை திறந்திருக்கிறது. எலக்ட்ரான்கள் கனத்ததுபோல் நகரும் ‘கன ஃபெர்மியான்’ வகை யுரேனியச் சேர்மம், மின்தடையே இல்லாத மீகடத்தியாக மாறும் குளிரில், பழைய வெப்ப அளவீடுகளின் வரைகோடு இரண்டு மேடுகளாக எழும். ஏன் இரண்டு என்று விளக்கும் கோட்பாடுதான் அவளுடைய ஏழு வருட உழைப்பு. தூய்மையான புதிய படிகத்தில் ஒரு மேடுதான் இருக்கிறது என்கிறது கட்டுரை. மற்றது பழைய படிகத்தின் கோளாறாம். கணவன் சுரேந்தர் கீழவீதியில் பைண்டிங் செய்து வாங்கிய அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளை மேசையில் வைக்கிறான். பசை வாடை எழுகிறது. “பைண்டிங்காரரு கேக்குறாரு, ஒங்க வூட்டுக்காரம்மா டாக்டராயிட்டா முட்டிவலிக்கு ஊசி போடுவாங்களான்னு.” அவள் மேல் பிரதியின் அட்டையில் கை வைக்கிறாள். “தப்பாப் போச்சு மாமா.” “எந்தப் பக்கம்னு சொல்லு, பிரிச்சு மாத்திக் குடுப்பாரு” என்று அவன் பைக் சாவியை மறுபடி எடுக்கிறான்.