சூடு சொரணை இல்லாத விளக்கு

வெயிலே எட்டிப் பார்க்காத அறையில் சுகந்தி மிளகாய்ச் செடி ஒன்று வளர்த்தாள். செடிக்கு ஒரு பக்கம் பழைய குண்டு பல்பு, மறுபக்கம் புது எல்இடி விளக்கு. எது தேவலை என்று பார்க்கத்தான் இரண்டும்.

குண்டு பல்பின் சூட்டில் சுவரோடு ஒட்டிச் சுகமாகக் கிடந்த பல்லிக்கு, எல்இடியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

"சூடு சொரணை இல்லாததெல்லாம் ஒரு விளக்கா? உன் நல்லதுக்குத்தான் கத்துறேன். அதை நம்பினா செத்துப்போவே!" என்று செடியிடம் சீறியது.

"உங்க பல்பு பக்கம் இலையெல்லாம் கருகிப்போச்சுண்ணே. பூ விட்டது எல்இடி பக்கந்தான்," என்றது செடி.

"நன்றி கெட்ட ஜென்மமே, வாயை மூடு!"

அதற்குள் சுகந்தி வந்தாள். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்இடியே போதும். கரண்ட்டைத் தின்னுற இந்தக் குண்டு பல்பைத் தூக்கிப் போட்டுடலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பல்லிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கூடாது! கூடாது! கூடவே கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

சுகந்தியின் காதில் "ச்சு, ச்சு, ச்சு" என்றுதான் விழுந்தது. பக்தியோடு விரலால் தரையைத் தட்டிவிட்டு, குண்டு பல்பின் சுவிட்சை அணைத்தாள்.

"அப்பாடா, பல்லியே சொல்லிடுச்சு!"