முழுக்கைச் சட்டை

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவன் நான் ஒருவன்தான்.

திருவள்ளூருக்குச் சனிக்கிழமை மட்டும் வருகிற எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் குணசுந்தரியின் தோள்பட்டை. குருத்தெலும்பில் புற்று, நுரையீரல்வரை போய்விட்டது என்று போன வாரமே சொல்லிவிட்டார். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

"அந்த இரும்புக் கம்பெனி பொகதான் சார். ராவும் பகலும் கக்கினு கீது," என்றாள் என் மனைவி கங்கம்மா.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி. குணாவுக்குத் தோள்வலி வந்த இந்த ஆறு மாதமாக அந்தப் புகைக்கூண்டைச் சபிக்காமல் அவள் அடுப்பு பற்றவைத்ததில்லை. நானும் சேர்ந்து சபித்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். ஜீன் என்று ஏதோ சொன்னார். எலும்பே, இதோடு நில் என்று உடம்புக்குள் ஒரு கட்டளை உண்டாம். அது பிறவியிலேயே பழுதாகியிருந்தால் எலும்பு அங்கங்கே புடைக்குமாம். பெரும்பாலும் சும்மா கிடக்கும், எப்போதாவது ஒன்று இப்படித் திரும்பிக்கொள்ளும். அநேகமாக அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவதுதானாம்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது எலும்பு புடைச்சு இருக்கா?"

கங்கம்மா தரையைப் பார்த்தாள்.

ஐந்து வயதில் குணா தன் மணிக்கட்டை என் மணிக்கட்டோடு ஒட்டிவைத்து, எனக்கும் வந்துவிட்டது நைனா என்று குதித்தாள். இரண்டிலும் கோலிக்குண்டுபோல ஒரு புடைப்பு. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன். என் ரத்தம் என்று மார்தட்டிக்கொண்டேன், பாவி.

"யாருக்கும் இல்ல சார்," என்றாள் குணா.

மேசைக்கு அடியில் அவள் விரல்கள் என் சட்டைக் கையைப் பொத்தானோடு சேர்த்து இறுக்கிக்கொண்டன.

டாக்டர் பேனாவை எடுத்தார். சாகப்போகிற பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவள் ஆசைப்படியே விட்டிருப்பேன்.

ஆனால் போன வாரம் அவளுடைய நான்கு வயது மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, தன் மணிக்கட்டுப் புடைப்பை என் மணிக்கட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் இந்தச் சட்டை.

குணாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் பொத்தானைக் கழற்றினேன்.