மொத்தமும் உள்ளே

"யோவ், பிட்காயின் மொத்தமும் இந்தப் பொட்டிக்குள்ளதானே இருக்கு? எடு!"

முகமூடிக்காரனின் துப்பாக்கி ஒக்னியானின் நெற்றியில் முட்டியது. ப்ளோவ்திவ் நகரமே மதிய உறக்கத்தில் கிடந்தது. கத்தினாலும் கேட்க ஆளில்லை. மனைவி ஸ்தேவ்கா உள்ளறைக் கட்டிலுக்கடியில்.

"இது வெறும் நோடு, தம்பி. பிட்காயின் நெட்வொர்க்குல ஓடுற ஒரு கம்ப்யூட்டர், அவ்ளோதான். இதுல சல்லிக்காசு கிடையாது."

"காசு வராமலா ராத்திரி பகலா ஓட்டுறே? பெயர்நாள் விருந்துல ரக்கியா குடிச்சிட்டு 'மொத்தமும் உள்ளே இருக்கு'ன்னு நீதானே பீத்திக்கிட்டே!"

ஒக்னியான் பொட்டியைக் காட்டினான். "மொத்தம்னா... கணக்கு மொத்தமும். எவன் எங்கே பிட்காயின் அனுப்பினாலும் இதுல பதிவாயிடும். யார் வேணா பாக்கலாம்."

"போன மாசம் கூட்டாளிங்களுக்குத் தெரியாம ஒருத்தன் ஒதுக்கினதுமா?"

"முதல் நாள்லேர்ந்து எல்லாமே."

துப்பாக்கி பொட்டியின் பக்கம் திரும்பியது. "தலைவன் பாத்தா என்னை உயிரோட புதைச்சிடுவானே!"

மூன்று குண்டுகள். பொட்டி சிதறியது.

"இனிமே யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெ... தெரியாது."

"தெய்வம்ண்ணே நீங்க!" என்று ஓடியே போனான்.

ஸ்தேவ்கா தவழ்ந்து வந்தாள். "எல்லாம் அழிஞ்சிடுச்சா?"

"இதே கணக்கு உலகம் பூரா ஆயிரக்கணக்கான வீட்ல ஓடுதுடி. சொல்லியிருந்தா நாலாவது குண்டு எனக்குத்தான்!"