இன்னும் ஒன்பது வருஷம்

"இறங்குங்க பெரியவரே! இது என்ன ஓட்டப் பந்தயமா?" டெக்னீஷியன் டிரெட்மில்லை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டு தம்பி." நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடு மூச்சு இரைக்க நின்றார் கண்டக்டர். ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷம், வயசு எழுபத்திரண்டு. உயிர் மேல் ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா மனுஷனுக்கு!

பூங்காவில் அவருக்கு மார்க்கண்டேயர் என்றே பேர். அஞ்சு வருஷமாக மழையோ வெயிலோ, காலையில் அஞ்சு சுற்று, சாயங்காலம் அஞ்சு சுற்று. "வீடு போ போங்குது, காடு வா வாங்குது. இந்த வயசுல யாரை மயக்க இந்த நடை?" என்று பெஞ்சுக்காரர்கள் கிண்டல் பண்ணினால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

கூடவே அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு மகனும் நடப்பான். நாற்பத்தொரு வயசு ஆனாலும் அவன் குட்டிதான். பட்டன் போட, சோறு ஊட்ட, எல்லாவற்றுக்கும் அப்பாதான். அம்மா போன பிறகு அவனை வீட்டில் விட்டுவிட்டு வர ஆள் இல்லை. ஒரே ஒரு நாள் சித்தப்பா வீட்டில் விட்டதற்கு, அந்தப் பாவி சித்தி அவனை ரூமில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

உள்ளே டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. இன்னும் ஒன்பது வருஷம் தாங்குமா?"

"எல்லாரும் நூறு வயசு கேப்பாங்க. நீங்க என்ன, காய்கறி பேரம் மாதிரி ஒன்பதுங்கறீங்க?"

கண்டக்டர் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. வயசாக ஆக இதயம் விறைச்சுப் போகும். நாப்பது, அம்பதுலயே நடக்க ஆரம்பிச்சிருந்தா அதை இளக வெச்சிருக்கலாம். நீங்க ஆரம்பிச்சப்பவே அறுபத்தேழு. நடந்தது உடம்புக்கு நல்லதுதான், ஆனா விறைச்சது விறைச்சதுதான். ரெண்டு, மூணு வருஷம்... அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"பத்து சுத்தைப் பதினஞ்சாக்கிடறேன்மா. இருபது வேணும்னாலும் நடக்கறேன்."

"வேண்டாம்யா. இனிமே எத்தனை நடந்தாலும் அது திரும்பாது."

கண்டக்டரின் முகம் வெளுத்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது டாக்டரம்மாவுக்கு. நல்லவேளை, ஆறுதலாகச் சொல்ல அவரிடம் ஒரு சேதி இருந்தது.

"சந்தோஷமான விஷயமும் ஒண்ணு இருக்கு. போன வாரம் உங்களுக்கு ஸ்கேன் எடுக்கும்போது, 'எனக்கும் எனக்கும்'னு குட்டி அழுதான்னு அவனுக்கும் எடுத்தோமே? பிறவியிலேயே பலவீனமான இதயம், அம்பதைத் தாண்ட மாட்டான்னு நீங்க கொண்டாந்த பழைய ஃபைல்ல எழுதியிருக்கு. அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க! சரியான வயசுல அவனை நடக்க வெச்சிருக்கீங்க. இதயம் குதிரை மாதிரி ஓடுது. எழுபது என்ன, எண்பது வரைக்கும் ஜம்முனு இருப்பான்."

தன் பேரைக் கேட்டதும் குட்டி கைதட்டிச் சிரித்தான். கண்டக்டர் அவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அட, நல்ல சேதி சொன்னா சந்தோஷத்துல யாராவது இப்படி அழுவாங்களா?"

"அவன் போன மறுநாள் நான் போகணும்னுதானே டாக்டரம்மா நடந்தேன்!"