அசைந்தால்தான் ஓடும்

"கட்டியிருக்கிறவரு சும்மா படுத்தே கிடந்தா, இது நின்னுபோயிருமாண்ணே?"

கண்ணாடி அலமாரியில் இருந்த கைக்கடிகாரத்தைக் காட்டி, ரம்ஜான் பீவி இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரம் வாங்குவதற்காகவே வாலிநோக்கத்திலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்திருந்தாள்.

"நின்னுரும் தங்கச்சி," என்றார் கடைக்காரர் ஹசன் அலி. "இதுல பேட்டரி கிடையாது. சாவி குடுக்கிற வேலையும் இல்ல. அல்லாஹ் குடுத்த கை அசையணும், அம்புட்டுத்தான். அசைஞ்சா ஓடும். கழட்டி ரெண்டு நாளு அலமாரியில போட்டா நின்னுரும்."

"அதுதாண்ணே எனக்கு வேணும்," என்றாள் ரம்ஜான் பீவி.

ஹசன் அலிக்குச் சிரிப்பு வந்தது. நின்றுபோகும் என்று தெரிந்தே ஒரு கடிகாரத்துக்கு ஆசைப்பட்டவர்களை அவர் இதுவரை பார்த்ததில்லை.

தன் மணிக்கட்டில் இருந்த அதே மாதிரிக் கடிகாரத்தைக் கழற்றி, கவிழ்த்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். பின்பக்கக் கண்ணாடி வழியே உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. அவள் கையை லேசாக அசைத்ததும் அரைவட்டத் தகடு ஒன்று சுழன்றது. அதன் அடியில் பொடிப்பொடிச் சக்கரங்கள் துடித்தன.

"சுபுஹானல்லாஹ்! மூச்சு விடுற மாதிரில்ல இருக்கு!"

"நானும் ஒரு வருஷமா கட்டுறேன். இன்னமும் காலையில எந்திரிச்சதும் இதைத் திருப்பித்தான் பாக்குறேன். 'என்னைய ஒருநாளாச்சும் இப்புடிப் பாத்திருப்பீகளா'ன்னு வீட்டுல ஏசுறாக."

"ஆனா கனமே இல்லையேண்ணே. காத்தாட்டம் இருக்கு."

"டைட்டானியம். இந்த விலைக்கு அது கிடைக்கிறதே அதிசயம். போன மாசம் ஒருத்தரு பிளாஸ்டிக்குன்னு சண்டை போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. அவருக்கெல்லாம் ஆட்டுக்கல்லக் கட்டிவிட்டாத்தான் திருப்தி."

"கனம் இல்லாததுதான் நல்லது. கையில கனமா எது இருந்தாலும் அவருக்கு ஆகாது. கழட்டி வச்சுருவாரு."

"குறையையும் சொல்லிருறேன். சீக்கிரம் கீறல் விழும். செல்போன் கணக்கா சுத்தமா நேரம் காட்டாது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். மத்தபடி உப்புக்காத்துக்குத் துரு ஏறாது. வேர்வைக்கு அரிக்காது."

"அவருக்கு அரிக்காதுண்ணே," என்று அவசரமாகச் சொன்னாள். "முழுக்கைச் சட்டைக்குள்ள நுழையுமா?"

"தட்டையாத்தான இருக்கு, வழுக்கிக்கிட்டுப் போகும். என்ன விசேஷம்?"

"வர்ற வெள்ளிக்கிழமை எம் மக யும்னாவுக்கு நிக்காஹ். இது அவ வாப்பாவுக்கு."

"மாஷா அல்லாஹ்! எல்லாரும் மாப்பிள்ளைக்குத்தான் வாட்ச் வாங்குவாக. நீங்க பொண்ணோட வாப்பாவுக்கு வாங்குறீக!"

அவள் முகம் வாடியது. "அவரு சபைக்கே வர மாட்டேங்குறாருண்ணே. 'என் தம்பி கைப்பிடிச்சுக் குடுக்கட்டும்'னு சொல்லிட்டாரு. யும்னா அழுதுக்கிட்டே இருக்கா. வாப்பா கைப்பிடிச்சுக் குடுக்காட்டி இந்த நிக்காஹே வேணாங்குறா."

ஹசன் அலி நிமிர்ந்து பார்த்தார். நிக்காஹ் சபையில் பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்து மகளை ஒப்படைப்பது அவர்கள் வழக்கம். தகப்பன் வீட்டில் இருக்க, வேறொருவர் பிடித்தால் ஊர் என்னென்னவோ பேசும்.

"மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"தங்கமான பையன்ணே. இவருக்கும் உசுரு."

"அப்ப சம்பந்தக்காரவுக மேல கோவமா?"

"கோவந்தான். யாரு மேலன்னு அவருக்கே தெரியல. கடலுக்குப் போயிக்கிட்டிருந்த மனுசன், ரெண்டு வருஷமா வாசலைத் தாண்டல."

"வீம்பு பிடிச்சவரால்ல இருக்காரு! ஒரு வாட்ச்சக் கட்டிவிட்டா வந்துருவாராக்கும்?"

"வருவாருண்ணே. நின்னு கிடக்கிற எதையும் அவரால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. யாரு போட்டுல இஞ்சின் நின்னாலும் இவருதான் ஓடிப்போயி தட்டி எழுப்பிவிடுவாரு. இதுவும் நின்னா மனசு பொறுக்காது. அதுக்காகவாச்சும் தினம் கட்டுவாரு. கட்டுனா கை அசையும். கை அசைஞ்சா ஆளும் வெளிய வந்துருவாரு. சபையில எல்லாரு கண்ணும் அவரு கை மேலதாண்ணே இருக்கும். பாக்க அம்சமா இருக்கணும்."

ஒரு வருடமாக அந்தச் சக்கரங்களைப் பார்த்து வியந்தவர் ஹசன் அலி. அவற்றைக் கொண்டு ஒரு மனிதரையே ஓடவைக்கப் பார்க்கும் இந்தப் பெண்ணின் யோசனை, அவருக்கு அதைவிடப் பெரிய வியப்பாக இருந்தது.

அலமாரியைத் திறந்து புதுக் கடிகாரத்தை எடுத்தார்.

"எந்தக் கையில கட்டுவாரு?"

"வலது கையில."

"நல்ல பழக்கம். வலதுதான் பரக்கத்து," என்று தலையசைத்தவர், செயினை விரித்துப் பார்த்தார். "இதுல ரெண்டு மூணு கண்ணி கழட்ட வேண்டியிருக்கும். அதுக்கு அவரு மணிக்கட்டு அளவு வேணுமே. ஆளை இங்கன கூட்டியாந்தாத்தான் சரியா வரும்."

"ஆளு வர மாட்டாருண்ணே. அவருக்குத் தெரியாம அளவு கொண்டாந்திருக்கேன்."

அவருடைய பழைய கடிகாரமாக இருக்கும் என்று நினைத்து ஹசன் அலி கையை நீட்டினார். ரம்ஜான் பீவி பைக்குள்ளிருந்து எடுத்து, சுற்றியிருந்த துண்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தது, மதுரை முகாமில் இலவசமாகக் கொடுத்த, ஆனால் அவள் கணவர் ஒருநாளும் மாட்டிக்கொள்ளாத, தோல் நிறத்து ரப்பர் வலது கை.

ஹசன் அலி எழுந்து நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லி, அதைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.